இஸ்திரி வண்டிக்காரருக்கு உங்கள் நாவலில் என்ன வேலை?

கேள்வி: "நான் எழுதும் முதல் நாவல் கோயம்புத்தூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் நடக்கிறது. பாதிக்கு மேல் முடித்துவிட்டேன். படித்துப் பார்த்த தோழி, 'பன்னிரண்டு வீட்டுலயும் உன் சொந்தக்காரங்களே குடியிருக்காங்களே' என்றாள். அன்றிலிருந்து எழுத ஓடவில்லை. எல்லாத் தரப்பு மனிதர்களையும் கதைக்குள் கொண்டுவருவது எழுதுகிறவரின் பொறுப்பா? கொண்டுவந்தால், 'எங்களைப் பற்றி எழுத நீ யார்' என்று கேட்க மாட்டார்களா?"

முதலில் அந்தத் தோழிக்கு நன்றி சொல்லுங்கள். கைப்பிரதியை வாங்கிப் படித்துவிட்டு "நல்லா வந்திருக்கு" என்று திருப்பிக் கொடுப்பவர்களே அதிகம். புதிதாக எழுதுகிறவர்களின் பிரதிகளைப் பல வருடங்களாகப் படித்துத் திருத்தம் சொல்லிவருகிறேன். உங்கள் தோழி கண்ட குறையைப் பாதிப் பிரதிகளிலாவது பார்க்கிறேன். என் பழைய கதைகளிலும் அது இருக்கிறது.

எல்லாரையும் சேர்த்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரே தெருவில், ஒரே சாதிக்காரர்கள் மட்டும் வாழும் ஒரு வீட்டின் கதையை நேர்மையாக எழுதலாம். நல்ல நாவல்கள் சில அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த இடம் கோயம்புத்தூர். வீட்டில் தெலுங்கு பேசும் நாயுடு குடும்பங்கள், கன்னடம் பேசும் தேவாங்கச் செட்டியார்கள், பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆன மலையாளிகள், ஆர்.எஸ்.புரத்து மார்வாடிகள், உக்கடத்துத் தமிழ் முஸ்லிம்கள், உருது பேசும் முஸ்லிம்கள் எல்லாரும் சேர்ந்துதான் அந்த ஊர். நகரத்தைத் துப்புரவாக வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர்கள். அவர்களில் பலருக்கு வீட்டு மொழி தெலுங்கு. கட்டடம் எழுப்புகிறவரும் கேட்டருகே உட்கார்ந்திருக்கிற வாட்ச்மேனும் பீகாரிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்தவர்களாக இருப்பார்கள். இந்த ஊரில் ஒரு அடுக்குமாடியைக் கட்டி, பன்னிரண்டு வீட்டிலும் ஒரே சமையல் வாசனை வரும்படி எழுதினால், வாசகருக்கு முதலில் தோன்றுவது இந்தக் கட்டடம் உண்மையில்லை என்பதுதான். நீதி நியாயப் பேச்சு அதற்குப் பிறகு வருவது. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் எழுதிவிட்டோம் என்ற தொழில் குறை அதற்கு முன்பே வந்துவிடுகிறது.

சரி, அவர்களையும் சேர்த்துவிடுகிறேன் என்று நீங்கள் உடனே நான்காவது மாடியில் ஒரு பாயையும் கீழே ஒரு பீகாரி வாட்ச்மேனையும் குடிவைத்தால், அங்கேதான் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறது. தமிழ்க் கதைகளில் இப்படிப்பட்டவர்கள் இல்லாமல் போனதில்லை. காலம்காலமாக வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். வேலைக்காரி என்றால் முனியம்மா. கதாநாயகிக்கு அந்தப் பெயரை ஒருவரும் வைப்பதில்லை. பாய் என்றால் பிரியாணி கொண்டுவருவார், நாலு வார்த்தை உருது கலந்து பேசுவார். தமிழ் முஸ்லிம்களின் தாய்மொழி தமிழ் என்பதும், அப்பாவை ராவுத்தர் வீட்டில் அத்தா என்றும் கடற்கரைப் பக்கம் வாப்பா என்றும் கூப்பிடுவார்கள் என்பதும் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்காது. வடக்கிலிருந்து வந்தவர் என்றால் பான் மென்று துப்புவார். ஒரு பெண்ணைப் பற்றி "கறுப்பா இருந்தாலும் களையா இருந்தாள்" என்று ஒரு வரி வரும். அந்த 'இருந்தாலும்' என்ற ஒரு சொல்லில் எத்தனை பேரைப் புண்படுத்துகிறோம் என்று எழுதும் கை நின்று யோசிப்பதில்லை. நானும் அந்த வரியை எழுதியிருக்கிறேன்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். இளம் வயதில் ஒரு சிறுகதையில் தெரு பெருக்கும் பெண் ஒருத்தியை வைத்தேன். தீபாவளிக்கு முதல் நாள் கதாநாயகன் வீட்டு வாசலில் நின்று அழுவாள், அவன் அம்மாவின் புடவையை எடுத்துக் கொடுப்பான். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. கதை வந்து சில வாரம் கழித்து ஒரு பள்ளி ஆசிரியர் தேடி வந்தார். அவருடைய அம்மா அந்த வேலை செய்தவர். கோபப்படாமல் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: "எங்கம்மா யார் வீட்டு வாசல்லயும் நின்னு அழுததில்ல சார். சம்பளத்துல பிடிச்சதுக்காக மேஸ்திரி சட்டையப் பிடிச்சவங்க." அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என் கதையில் அந்தப் பெண் ஒரு ஆளாகவே வரவில்லை. கதாநாயகன் நல்லவன் என்று காட்டத் தேவைப்பட்ட ஒரு சாட்சியாக மட்டும் வந்து, அழுதுவிட்டுப் போயிருக்கிறாள். அவளுக்கென்று ஒரு ஆசை, ஒரு பிடிவாதம், ஒரு தப்பு எதையும் நான் தரவில்லை.

அதற்குப் பிறகு எந்தப் பிரதியைப் படித்தாலும் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு படிக்கிறேன். இந்தக் கதையில் முடிவெடுக்க யார் யாருக்கு அனுமதி இருக்கிறது? தப்புச் செய்ய யாருக்கு இடம் இருக்கிறது? பத்துப் பாத்திரங்களில் மூன்று பேர் மட்டும் விரும்புகிறார்கள், ஏமாறுகிறார்கள், மனம் மாறுகிறார்கள், மற்ற ஏழு பேர் காபி கொண்டுவருகிறார்கள் என்றால், அந்த ஏழு பேர் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எல்லாத் தரப்புக்கும் கதையில் இடம் கொடுத்துவிட்டேன் என்று சொல்கிற பிரதிகள் பெரும்பாலும் இந்த இடத்தில் தோற்கின்றன.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்குத் தெரியாத வாழ்க்கையை நான் எழுதலாமா?

எழுதலாம், போய்ப் பார்க்கிறவராக இருந்தால். தமிழில் இதற்கு ராஜம் கிருஷ்ணனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. முசிறியில் 1925இல் பிறந்தவர், சின்ன வயதில் கல்யாணம், பெரிய கல்லூரிப் படிப்பு கிடையாது. கணவர் மின்துறைப் பொறியாளர். அவரோடு நீலகிரியில் வாழ்ந்த நாட்களில் படகர்களின் வாழ்க்கையைப் பார்த்து 'குறிஞ்சித்தேன்' எழுதினார். 1970களின் இறுதியில் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 'கரிப்பு மணிகள்', மீனவர்களைப் பற்றி 'அலைவாய்க்கரையில்'. பிறகு சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் வேலைசெய்த குழந்தைகளைப் பற்றி ஒரு நாவல். ஒவ்வொன்றுக்கும் அந்த இடத்துக்குப் போய், அந்த மக்களோடு பேசிப் பழகி, அவர்கள் சொல்லையும் பழக்கத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்து எழுதினார். உப்பளத்தை அவர்கள் அளம் என்கிறார்கள் என்றால் நாவலிலும் அது அளம்தான். 'இலக்கியத்துக்குள் ஆராய்ச்சி வாடை அடிக்கிறது' என்று அவரைக் குறைசொன்னவர்கள் உண்டு. சில பக்கங்களில் அந்தக் குறை சரிதான் என்று எனக்கும் படுகிறது. ஆனாலும் உப்பு வாரும் பெண்ணின் காலில் புண் எப்படி வருகிறது என்று நாவல் படிக்கிற தமிழர் ஒருவர் தெரிந்துகொண்டது அந்தப் பக்கங்களில்தான். வீட்டில் உட்கார்ந்து இரக்கப்படுவதைவிட, பஸ் ஏறிப் போய் விசாரிப்பது பெரிய மரியாதை.

போய்ப் பார்த்து எழுதினால் போதுமா என்றால், இல்லை. அந்த வாழ்க்கையை உள்ளிருந்து வாழ்ந்தவர்களே எழுத வரும்போது, வெளியிலிருந்து எழுதியதில் எது விட்டுப்போயிற்று என்று தெரிந்துவிடும். சு. சமுத்திரம் 1990களில் 'வாடாமல்லி' எழுதியபோது, திருநங்கையரை ஒரு முழு நாவலின் நடுவில் வைத்து மதிப்போடு எழுதியது பெரிய காரியம். அதற்குப் பத்தாண்டுக்குப் பிறகு, 2005இல், ரேவதி தன்னைப் போன்ற திருநங்கையரை நேரில் கண்டு, அவர்கள் சொன்ன வாழ்க்கையைத் தொகுத்து 'உணர்வும் உருவமும்' கொண்டுவந்தார். பிறகு தன் சொந்த வாழ்க்கையை 'வெள்ளை மொழி'யில் எழுதினார். லிவிங் ஸ்மைல் வித்யா தன் வாழ்க்கையை எழுதினார். இவற்றையெல்லாம் படித்துவிட்டு 'வாடாமல்லி'க்குத் திரும்பினால், அது மதிப்புக் குறைந்ததாகத் தெரியாது, ஆனால் அது நின்ற தூரம் தெரியும். சொற்களும் அப்படித்தான். 'அலி' போய் 'அரவாணி' வந்தது. 2008இல் தமிழக அரசு வாரியம் அமைத்தபோதும் அரவாணிகள் நல வாரியம் என்றே பெயர் வைத்தார்கள். இன்று நாம் திருநங்கை என்கிறோம். நீங்கள் இன்று எழுதும் சொல் நாளைக்குப் பழையதாகலாம். அதற்காகப் பயப்பட வேண்டாம், ஆனால் அந்த மக்கள் இன்றைக்குத் தங்களை எப்படி அழைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

உள்ளிருந்து எழுதுகிறவருக்குப் பொறுப்பு கிடையாதா? இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் ப. சிவகாமியிடம் போகிறேன். உங்கள் கேள்விக்கு நேரடியான பதிலும் அவரிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

'பழையன கழிதலும்' 1980களின் இறுதியில் வந்தது. தலித் பெண் ஒருவர் எழுதிய முதல் தமிழ் நாவல் என்று அதைச் சொல்வார்கள். சிவகாமி அப்போது ஐ.ஏ.எஸ். அதிகாரி. நாவலில் தங்கம் என்ற தலித் விதவை, தான் கூலிவேலை செய்த நிலத்துக்காரனால் சீரழிக்கப்பட்டு, அதற்காக அவன் வீட்டு ஆட்களிடமே அடியும் பட்டு, ரத்தக் காயத்தோடு காத்தமுத்து என்ற தலித் தலைவரின் வீட்டுக்கு வருகிறாள். காத்தமுத்து கெட்டிக்காரர். போலீஸ் ஸ்டேஷன், வக்கீல், பேரம் எல்லாம் அறிந்தவர். அவளுக்காக வாதாடி நஷ்டஈடு வாங்கித் தருகிறார். அந்தப் பணத்தைத் தானே எடுத்துக்கொள்கிறார். கடைசியில் அவளையும் எடுத்துக்கொள்கிறார். ஏற்கெனவே இரண்டு மனைவிகள் இருக்கும் வீடு அது. படித்த மகள் கௌரி இத்தனையும் பார்த்துக் கொதிக்கிறாள்.

நாவல் வந்ததும், ஒரு தலித் தலைவரை இப்படிக் காட்டலாமா, இது எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுப்பது ஆகாதா என்ற குரல்கள் எழுந்தன. இதற்குப் பலரும் செய்வது இரண்டில் ஒன்று. "நான் கலைஞன், உண்மையை எழுதினேன்" என்று முறுக்கிக்கொள்வார்கள், அல்லது வருத்தம் தெரிவித்துவிட்டு ஒதுங்குவார்கள். சிவகாமி சில ஆண்டுகள் கழித்து இன்னொரு புத்தகம் எழுதினார்: 'பழையன கழிதலும்: ஆசிரியர் குறிப்பு'. அதில் அந்த நாவலை எழுதியவளே ஒரு பாத்திரமாக வருகிறாள். தன் ஊருக்குப் போகிறாள், தான் எழுதிய வீட்டையும் மனிதர்களையும் மறுபடி பார்க்கிறாள். எதை எழுதினாய், எதை மறைத்தாய், எதை உன் வசதிக்கு மாற்றினாய், படித்து அதிகாரத்துக்கு வந்துவிட்ட மகள் எழுதிய கதையில் அந்தப் படிக்காத பெண்களின் பக்கம் எங்கே என்று நாவல் நாவலாசிரியையையே விசாரிக்கிறது. பின்னால் 2006இல் அவரே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டபோது இரண்டையும் ஒரே புத்தகமாகக் கட்டினார். முதல் நாவலைப் படிக்கிறவர் அதன் மீதான விசாரணையையும் கையில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டியிருக்கிறது.

இதில் நான் கவனிப்பது, அவர் முதல் நாவலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. காத்தமுத்துவை நல்லவராகத் திருத்தி எழுதவும் இல்லை. எழுதியது எழுதியதுதான். அதற்குப் பக்கத்திலேயே தன் கணக்கையும் எடுத்து வைத்தார். பொறுப்பு என்ற சொல்லுக்குள் 'பொறு' இருக்கிறது, சுமப்பது. எழுதியதைக் கீழே போட்டுவிட்டு ஓடாமல் சுமந்து நிற்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் தமிழில் பார்த்ததில்லை. இந்தப் புத்தகத்தைப் பற்றி நாம் பேசியது மிகக் குறைவு என்ற மனவருத்தமும் எனக்கு உண்டு.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோதும் இதே வாதம் வேறு உருவில் வந்தது. ஆரோக்கியம் என்ற வண்ணாத்தி, தலித் மக்களுக்கே துணி வெளுத்து, அவர்கள் போடும் சோற்றில் பிழைக்கும் புதிரை வண்ணார் பெண். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே ஒடுக்குமுறை இருக்கிறது என்று காட்டியதற்காக இமையம் கடுமையாக விமர்சிக்கப்பட்டார். விமர்சித்தவர்களின் அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த நாவலைக் காட்டி, 'பார், அவர்களுக்குள்ளேயே சாதி இருக்கிறதே' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள ஆதிக்கச் சாதிக்காரர்கள் தயாராகவே இருந்தார்கள். ஆனால் அந்த அச்சத்துக்காக ஆரோக்கியத்தை எழுதாமல் விட்டிருந்தால், அத்தனை படிகளுக்கும் கீழே இருந்த ஒருத்தி இன்னொரு முறை காணாமல் போயிருப்பாள். ஒரு சமூகத்தை 'நல்லபடியாக' காட்டுவது என்று இறங்கினால், அந்தச் சமூகத்துக்குள் குரல் இல்லாதவர்கள்தான் முதலில் பலியாவார்கள். என் தீர்ப்பு இமையம் பக்கம்.

"நீ யார் எழுத" என்று கேட்பார்களே என்கிறீர்கள். கேட்பார்கள். கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். படித்துவிட்டு, 'இந்த இடத்தில் எங்களைத் தப்பாக எழுதியிருக்கிறாய்' என்று சொல்கிறவர் ஒருவர். என்னிடம் வந்த அந்த ஆசிரியரைப் போல. அவருக்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அடுத்த பதிப்பில் திருத்த முடிந்ததைத் திருத்துங்கள். இன்னொரு வகை, கூட்டம் சேர்த்துக்கொண்டு வந்து புத்தகத்தைக் கொளுத்துகிறவர்கள். பெருமாள்முருகனுக்கு 'மாதொருபாகன்' நாவலுக்காக நடந்தது அது. நாவல் வந்தது 2010இல். நான்கு ஆண்டு கழித்துத் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில் அவர் மன்னிப்புக் கேட்டு எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் திரும்பி வந்தார். அந்தக் கூட்டத்துக்குப் பணிவதை நான் பொறுப்பு என்று சொல்லமாட்டேன். எண்ணிக்கையிலும் செல்வாக்கிலும் பெரிய சாதிகளுக்கு மனம் புண்பட்டால் ஊரே கடையடைக்கிறது. அந்தத் தெரு பெருக்கும் அம்மாவுக்குப் புண்பட்டபோது அவர் மகன் ஒருவர்தான் வந்தார், அதுவும் தனியாக. யாருடைய வருத்தத்துக்கு அதிகம் காதுகொடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இப்போது உங்கள் பிரதிக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய கதைச் சுருக்கத்தில் செல்வி என்ற பெண் மூன்று வீடுகளில் வேலை செய்கிறாள். பதினோரு அத்தியாயங்களில் அவள் வருகிறாள். ஒரு இடத்தில்கூட அவள் வீட்டுக்குப் போகவில்லை. பாத்திரங்களைக் கூட்டுவதற்கு முன்னால் அவளோடு போங்கள். மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்து எந்த பஸ்ஸில் ஏறுகிறாள், வீட்டில் என்ன மொழி பேசுகிறாள், மூன்று வீட்டுக்காரர்களைப் பற்றியும் அந்த மொழியில் என்ன சொல்கிறாள்? உங்கள் கதாநாயகியைப் பற்றி அவள் சொல்வது உங்களுக்கே பிடிக்காமல் போகலாம். அப்படிப் போனால் சரியான திசையில் போகிறீர்கள்.

நான்காவது மாடிக் குடும்பத்தை எழுதுவதற்கு முன், அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த ஒருவரிடம் பிரதியைக் காட்டுங்கள். வெளிநாட்டுப் பதிப்பகங்களில் இதற்கென்றே சம்பளம் கொடுத்துப் படிக்கவைக்கிறார்கள். நம்மிடம் அந்த வழக்கம் வரவில்லை, நண்பர்கள் தயவில்தான் ஓடுகிறது. முடிந்தால் நீங்கள் பணம் கொடுங்கள், அது அவர்களுடைய உழைப்பு. ஒருவர் சரி என்று சொல்லிவிட்டால் ஒரு சமூகமே கையெழுத்துப் போட்டுவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் யாராவது குறை சொன்னால் 'அவரிடம் காட்டினேனே' என்று அவரை முன்னால் தள்ளிவிடவும் கூடாது. அட்டையில் உங்கள் பெயர்தான் இருக்கிறது.

சக்கர நாற்காலியில் வரும் அந்தச் சிறுவனைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் வருகிற இரண்டு இடத்திலும் மற்றவர்களுக்கு வாழ்க்கையின் அருமை புரிகிறது. அவனுக்கு எதுவும் நடப்பதில்லை. லிஃப்ட் நின்றுபோன அந்த நாளில் அவன் எப்படிக் கீழே வந்தான் என்று எழுதுங்கள். யார் தூக்கினார்கள், தூக்கியது அவனுக்குப் பிடித்ததா, அசோசியேஷன் கூட்டத்தில் சரிவுப் பாதை வேண்டும் என்று அவன் அம்மா கேட்டபோது எந்த வீட்டுக்காரர் செலவுக் கணக்குச் சொன்னார்?

கேட்டுக்குப் பக்கத்தில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவருக்கு உங்கள் பிரதியில் பெயர்கூட இல்லை. பன்னிரண்டு வீட்டின் துணியும் அவர் கைவழியாகப் போகிறது. யார் வீட்டில் புதுச் சட்டை வந்தது, யார் வீட்டில் ஆம்பளைத் துணி வருவது நின்றுபோனது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். அவருக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு, அடுத்த அத்தியாயத்தை அவரிடமிருந்து தொடங்கிப் பாருங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.